குழாய்க்காரி சொன்ன சரி

அவள் ஒரு மென்பொருள் கம்பெனியில் குழாய் வேலை பார்க்கிறாள் என்று மாமியார் அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. மென்பொருள் கம்பெனிதான், குழாயும்தான். ஆனால் அந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது மாமியாருக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார். தண்ணீர் வராத குழாயைப் பற்றி என்ன பெருமை பேசுவது? அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையானால் மாடி வீட்டுக்காரர் வந்து நிற்பார். "உங்களுக்குக் குழாய் வேலை நல்லா வருமாமே. எங்க சிங்க்ல தண்ணி எறங்கவே மாட்டேங்குது." முதல் தடவை அவரை உட்கார வைத்து விளக்கினாள். அடுத்த தடவை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அடைப்பை எடுத்துவிட்டு வந்தாள். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

தெருவில் அவள் குழாய்க்காரி, ஆபீஸில் குழாய்க்கா. நாமும் குழாய்க்காரி என்றே கூப்பிடுவோம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ள முதலில் காதில் விழ வேண்டுமே.

அந்தக் குழாய் என்ன என்று நாமாவது ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம். கம்ப்யூட்டரில் ஓடும் பெரிய மென்பொருள் எதுவும் ஒற்றை ஆள் இல்லை. உள்ளே ஒரு கூட்டுக் குடும்பமே நடக்கிறது. ஒவ்வொரு புரோகிராமும் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். அடுத்த அறையில் இருப்பவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் ஒருவனுக்கு இன்னொருவனிடம் காரியம் ஆக வேண்டும். "இதைக் கொண்டா", "அதை நிறுத்து" என்று சேதி போக வேண்டும், பதில் வர வேண்டும். அந்தச் சேதிகளைச் சுமக்கும் லைப்ரரிதான் குழாய். லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியைத் தேட வேண்டாம். எல்லாப் புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஒருவர் எழுதி வைக்கும் பொதுச் சாமான்களுக்கு அந்தத் தொழிலில் அதுதான் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். ஓடுகிறவரை அதன் பெயரைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். அடைத்துக்கொண்டால் மட்டும் "யாருய்யா அந்தக் குழாய்?" என்று மாடிக்கு மாடி தேடுவார்கள்.

அவள் குழாயை எழுத ஆரம்பித்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. ஒரு சேதி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். வராவிட்டால், போனதா இல்லையா என்று தெரியாமல் அனுப்பினவன் அதையே திரும்பத் திரும்ப அனுப்பி உயிரை வாங்குவான். பதிலுக்கு என்ன சொல் வைப்பது? வேறு யாராவது என்றால் அதற்கு ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள். அவள் யோசிக்காமல் 'சரி' என்று வைத்தாள். அவள் வாயில் எப்போதும் தயாராக இருந்த சொல் அதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தச் 'சரி'யைச் சொல்வது, சேதி யாருக்கு வந்ததோ அந்தப் புரோகிராம் அல்ல. அது தன் வேலையில் மூழ்கிக் கிடக்கும். அதன் வாசலில் குழாயின் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும். சேதியை வாங்கி வரிசையில் போட்டுவிட்டு, உள்ளே இருப்பவன் சார்பில் 'சரி' என்று அதுவே சொல்லி அனுப்பிவிடும். உள்ளே இருப்பவன் பிறகு சாவகாசமாக எடுத்துப் பார்ப்பான். பார்க்காமல் செத்தும் போவான். ஆகவே 'சரி' என்றால் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். செய்கிறேன் என்றோ செய்தாயிற்று என்றோ அர்த்தம் இல்லை. இதைக் குழாயின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாள். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

குழாய்க்காரியையும் அதே அச்சில்தான் வார்த்திருந்தார்கள். வேலையில் உட்கார்ந்துவிட்டாள் என்றால் கண் திரையில் இருக்கும், மனசு திரைக்குப் பின்னால் எங்கோ இருக்கும், வாய் மட்டும் வாசலில் காவல் இருக்கும். யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லும். பால் தீர்ந்துவிட்டது என்றாலும் சரி. கரண்ட் போய்விட்டது என்றாலும் சரி. சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் "வெளியே போ" என்றதற்குச் "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள்.

கணவன் வாய்த்ததும் அந்தச் சரியால்தான். அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவள், ஒரு மூட்டை அளவு சந்தேகங்களோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்து சீட்டில் இருந்து அவர் "பிரேக்" என்றார். "சரி" என்றாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. "பிரேக், பிரேக்" என்றார். "சரி சரி" என்றாள். மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும், கற்றுக்கொடுப்பவருக்கு என்றே வைத்தது. அவர் அதை மிதித்த மிதியில் வண்டி ஒரு மணல் குவியலை முத்தமிட்டு நின்றது. "என்னம்மா யோசிச்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். நேற்று புரோகிராமில் விட்ட ஒரு பிழை இப்போதுதான் பிடிபட்டது என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அந்தச் சிரிப்பில் மாஸ்டர் விழுந்தார். அவளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, மாஸ்டர் கிடைத்தார்.

ஊருக்கு முன்னால் அவரை 'நீங்க' என்பாள், வீட்டுக்குள் 'நீ' என்பாள், கோபம் வந்தால் மறுபடியும் 'நீங்க'வுக்குப் போய்விடுவாள். நல்ல குடித்தனம்தான். வீட்டில் அவளுக்குப் புரியாத சங்கதிகள் சில இருந்தன, அவ்வளவுதான். ஹாலில் ஒரு சுவர் மட்டும் கண்ணைக் குத்தும் மஞ்சளில் இருந்தது. எப்போது அடித்தார்கள் என்று நினைவில்லை. ஒரு நாய் இருந்தது. அதற்கு 'அனுமதி' என்று பெயர். "அனுமதி, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டு மாஸ்டரும் மகளும் ஏன் அப்படி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நாய் நல்ல நாய்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பல் டாக்டரின் கார் தொலைந்தது.

அவள் கம்பெனி, கார்களை அடுக்கி வைக்கும் கோபுரங்களுக்கு மென்பொருள் செய்கிறது. காரை வாசலில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம். ஒரு இயந்திரம் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு தட்டில் வைத்துக்கொள்ளும். திரும்பி வந்து கேட்டால் இறக்கிக் கொடுக்கும். வாசலைப் பார்த்துக்கொள்வது ஒரு புரோகிராம், தூக்கி இறக்குவது இன்னொரு புரோகிராம். ஆபீஸில் ஆட்களையே அவர்கள் எழுதிய புரோகிராமின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வாசலை எழுதிய பையனுக்குக் 'கதவு' என்று பெயர், வாயை மூடவே மாட்டான். தூக்குவதை எழுதிய பெண் 'தூக்கி', வாயைத் திறக்கவே மாட்டாள்.

அன்றைக்குப் பல் டாக்டர் வந்து தன் வெள்ளைக் காரைக் கேட்டார். வாசல் புரோகிராம், "நாற்பதாம் தட்டு, வெள்ளைக் கார், கீழே கொண்டா" என்று குழாய் வழியாகச் சொல்லி அனுப்பியது. குழாய் வாங்கிப் போட்டுவிட்டுச் 'சரி' என்றது. அந்த நேரம் பார்த்துத் தூக்கும் புரோகிராம் மயக்கம் போட்டு விழுந்து, மறுபடி எழுந்து உட்கார்ந்தது. எழுந்தபோது பழைய நினைவு ஒன்றும் இல்லை. வாசலோ சரி என்ற சொல்லை நம்பிக் கதவைத் திறந்துவிட்டது. "உங்கள் கார் தயார். இனிய பயணம்" என்று பலகையில் எழுத்து ஓடியது. உள்ளே காலி. காலையிலிருந்து ஊரார் வாயைப் பிளக்க வைத்த டாக்டர் தானே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அதோடு விட்டதா? கார் போய்விட்டது என்று இயந்திரம் முடிவு கட்டிவிட்டதால், நாற்பதாம் தட்டு காலி என்று நினைத்து ஒரு காய்கறி வேனை அங்கே ஏற்றப் பார்த்தது. நல்லவேளை, தட்டில் ஏதோ இருக்கிறது என்று ஒரு சென்சார் கண்டுபிடித்துச் சங்கு ஊதியது. தெருவே திரண்டது. டாக்டர் காரை இறக்க மதியம் ஆகிவிட்டது.

மறுநாள் மீட்டிங். மேலாளருக்கு 'ஒரு நிமிஷம்' என்று பட்டப்பெயர். எதை ஆரம்பித்தாலும் "ஒரு நிமிஷம்" என்றுதான் ஆரம்பிப்பார், முடிக்கச் சாயங்காலம் ஆகும். அன்றைக்கு அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. உள்ளே நடந்தது அசல் குழாயடிச் சண்டை.

"சரின்னு பதில் வந்துச்சு, நான் கதவைத் தொறந்தேன்," என்றான் கதவு. "இதுல என் தப்பு என்ன இருக்கு? சரின்னா சரிதானே?"

"சரின்னா கேட்டுச்சுன்னு அர்த்தம்," என்றாள் குழாய்க்காரி. "கொண்டு வந்தாச்சுன்னு எவன் சொன்னான்? கையேட்டுல முதல் பக்கம். படிச்சியா?"

"நீங்க வீட்டுல ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேக்குறீங்க. அவங்க சரின்னு சொல்றாங்க. என்னன்னு எடுத்துப்பீங்க?"

"கேட்டுச்சுன்னு எடுத்துப்பேன். செய்றாங்களான்னு போய்ப் பாப்பேன்."

அப்போது தூக்கி வாயைத் திறந்தாள். அறையே திரும்பிப் பார்த்தது. "அக்கா, வெறும் சரிக்குப் பதிலா, என்ன கேட்டாங்களோ அதையே திருப்பிச் சொல்ல வெச்சா என்ன? நாப்பதாம் தட்டு, வெள்ளைக் கார், வாசல்ல நிக்குதுன்னு. உள்ள இருக்கிறவன் எடுத்துப் பாத்தாத்தானே அப்படிச் சொல்ல முடியும். வாசல்ல உக்காந்திருக்கிறவன் சொல்ல முடியாதுல்ல."

குழாய்க்காரி சிரித்துவிட்டாள். "ஒவ்வொருத்தரும் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தா வேலை எப்ப நடக்கும்? சரி போதும். வாங்குறவன் புத்தியோட வாங்கணும்."

கையேடு அவள் பக்கம் இருந்தது. கதவு வாயடைத்துப் போனான். 'ஒரு நிமிஷம்' கடைசியாக ஒரு நிமிடம் பேசி, தவறு வாசலுடையதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். குழாய்க்காரி ஜெயித்த களிப்போடு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் மாஸ்டர் இருந்தார். அந்த நேரத்தில் அவர் எவனாவது ஒருவனைத் திருப்பத்தில் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். பனியனோடு உட்கார்ந்து அனுமதிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஒரு எல் போர்டு சாய்ந்து நின்றது. கற்றுக்குட்டிகளின் கார்களில் மாட்டுவார்களே, அது. அதில் ஸ்கூல்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, "போய் வாருங்கள் மாஸ்டர்" என்று எழுதியிருந்தார்கள்.

"என்ன இது? எங்க போறீங்களாம்?"

"இன்னிக்கோட கடைசி இல்லியா," என்றார். "எழுதிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சே."

"என்ன எழுதிக் குடுத்து?"

மாஸ்டரின் கை நாயின் முதுகில் அப்படியே நின்றது. "வேலைய விடறேன்னு. உன்கிட்ட சொல்லிட்டுத்தானே செஞ்சேன். நீ சரின்னியே."

குழாய்க்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அப்படி ஒரு பேச்சு நடந்ததாக அவளுக்கு ஒரு துணுக்குக்கூட நினைவில்லை. ஆனால் அந்தச் 'சரி' தன்னுடையதுதான் என்பதில் சந்தேகமும் இல்லை. அந்தச் சரக்கு வேறு எங்கும் கிடைக்காது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"ஆமா… ஆமாமா. சொன்னேல்ல. இன்னிக்குத்தான்னு மறந்துட்டேன்."

மாஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாயின் காதைத் தேய்த்தபடி, "அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறுபடி பேச எனக்குத் தெம்பில்ல," என்றார்.

எல்லாத்தையும் என்றால் எதையெல்லாம்? அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டதுகூடப் பெரிதாகப் படவில்லை. அவள் சம்பளத்தில் வீடு ஓடிவிடும். ஆனால் தன் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்திருக்கிறாள். சரி என்றும் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்று மட்டும் தெரியாது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்காவிட்டால் ஆயுளுக்கும் தெரியாது.

தொழில் புத்தியைக் காட்டினாள். பிழையை நேராகப் பிடிக்க முடியாதபோது சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். சாப்பிடும்போது நைசாகத் தூண்டில் போட்டாள். "இப்ப எப்படி இருக்கு உனக்கு?"

"பரவால்ல. இப்பக் கொஞ்சம் தூக்கம் வருது."

தூக்கமே வராமல் இருந்ததா? அதுவும் அவளுக்குத் தெரியாது. அதே கட்டிலில்தான் படுத்திருந்தாள். இன்னொரு தூண்டில் போட்டாள். "அந்த விஷயம்… ஸ்கூல்ல யாருக்காச்சும் தெரியுமா?"

"உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது," என்றார் மாஸ்டர்.

அவளுக்கும் தெரியாது என்பதுதான் விசேஷம். என்னவாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். முதலாளியோடு கைகலப்பா? ஏதாவது வியாதியா? கற்றுக்கொள்ள வரும் பெண்களில் எவளாவது மணல் குவியலில் ஏற்றித் தொலைத்தாளா? கடைசியாக நினைத்ததற்கு அவளுக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு வரவில்லை.

மகளிடம் போனாள். அவள் காலேஜில் முதல் வருடம். கட்டிலில் குப்புறப் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வேலைய விட்டது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம். உன்கிட்ட சரி வாங்கிட்டேன்னு சொன்னாரே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி வாங்கிட்டேன்னா? என்னடி அது?"

மகள் கொஞ்சம் நெளிந்தாள், பிறகு மேற்கொண்டு மறைக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நாய் எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிற? நீ லேப்டாப்ல இருக்கிறப்பக் கேட்டோம். சரின்ன. அதான் அனுமதின்னு பேர் வெச்சோம். அந்த மஞ்சச் சுவரு? நான் தலைமுடியை வெட்டினது? போன வருஷம் மூணு நாள் டூர் போனது? எல்லாம் நீ சரின்னதுதான். அப்பாதான் கத்துக்குடுத்தார். முதல்ல தண்ணி வேணுமான்னு கேளு, சரின்னு சொல்லிட்டுத் தண்ணியைத் தொடலன்னா ஆள் உள்ள இல்ல, அப்பக் கேளுன்னு. நானே அப்படித்தான் பொறந்தேன்னு சொல்லிக் கிண்டல் பண்ணுவார்."

குழாய்க்காரி திருதிருவென்று விழித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடங்களாகத் தன் வீட்டில் தான் ஒரு ரப்பர் ஸ்டாம்பாக இருந்திருக்கிறாள்! அப்பனும் மகளும் வேண்டும்போது எடுத்துக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். மனசுக்குள் கதவு வந்து நின்று "சரின்னா சரிதானே?" என்று பல்லைக் காட்டினான். அவனையும் திட்டினாள்.

ஹாலுக்குப் போனாள். மஞ்சள் சுவருக்கு எதிரே மாஸ்டர் உட்கார்ந்து, இன்னும் ஈரம் காயாத நாயை மறுபடியும் துவட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில், சாப்பாட்டு மேஜை மேல், அவள் லேப்டாப் எப்போதும்போலத் திறந்து கிடந்தது.

"ஏங்க, நீங்க என்ன மனுஷங்க?" 'நீங்க' வந்துவிட்டது, மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் சரி வாங்குறீங்களாமே? நாய், பெயிண்ட், டூரு! இப்ப வேலையும் அப்படித்தான் விட்டீங்களா? கூட்டுக் களவாணிங்களா, நேருக்கு நேர் கேக்குறதுக்கென்ன?"

மாஸ்டர் அசடு வழியச் சிரித்தார். "நாய் விஷயம் ஒத்துக்கறேன். பெயிண்ட்டும் ஒத்துக்கறேன். நேரா கேட்டா நீ காரணம் கேப்ப. மஞ்சளுக்கு எங்க போய் நான் காரணம் சொல்றது?"

"வேலை?"

சிரிப்பு நின்றது. "அது அப்படியில்ல," என்றார். "அன்னிக்கு நான் தந்திரம் பண்ணல. நீ வந்து உக்காந்ததும், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கேளுன்னு சொன்னேன். சரின்ன. சொன்னேன்."

குழாய்க்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்திருந்தது. "எனக்குக் கேக்கல," என்றாள். "நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. சாயங்காலம் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே பாதியில சந்தேகம் வந்துச்சு. மாடி வீட்டுக்காரரைக் கொன்னு சிங்க்குக்கு அடியில போட்டுட்டேன்னு சொல்லிப் பாத்தேன். சரின்ன."

அவளுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பவே தோளைப் பிடிச்சு உலுக்க வேண்டியதுதானே. ஏன் மேற்கொண்டு சொன்ன?"

"வாந்தி பாதி வந்துட்டா நிறுத்த முடியுமா? நீ கேக்கலன்னு தெரிஞ்சப்புறம் சொல்றது இன்னும் சுலபமா இருந்துச்சு." நாயின் தலையைத் துண்டால் மூடினார், திறந்தார். "அப்புறம் ரெண்டு நாள் பாத்தேன். அன்னிக்கு என்னமோ சொன்னியேன்னு நீ கேப்பியான்னு. கேக்கல. சரின்னதை சரின்னே எடுத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

கேட்காமலே வாழ்ந்துவிட்ட இத்தனை வருடமும் சேர்ந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. எழுந்து போய் லேப்டாப்பை மூடினாள். அது மூடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அறை கொஞ்சம் இருட்டினது போல இருந்தது. நாற்காலியை இழுத்து அவர் முழங்காலில் இடிக்கிற அளவுக்குப் போட்டுக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு."

"இப்பக் கஷ்டமா இருக்கு," என்றார். "நீ கேக்குறியே."

"பரவால்ல. சொல்லு."

சொன்னார். கோத்துச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வண்டி பழக வருகிறார். நல்லவர், எதற்கெடுத்தாலும் சரி சார், சரி சார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. ஒரு பந்து உருண்டு வந்தது, பின்னாலேயே ஒரு குழந்தை. பிரேக் என்றார். சரி சார் என்று அந்த அம்மா ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். அது பெரிய விஷயம் இல்லை, எல்லோரும் செய்வதுதான், அதற்குத்தானே அவர் காலடியில் இரண்டாவது பிரேக். அவர் மிதிக்க வேண்டியதுதான். மிதிக்க வேண்டும் என்று தெரிந்தது. மிதி மிதி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. கால் போகவில்லை. யாருடைய காலோ மாதிரி அங்கேயே கிடந்தது. கார் தானாகத் திரும்பி நடைபாதையில் ஏறி, இடித்து, ஆஃப் ஆகி நின்றது. குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தையல் கடை அம்மா, "நல்லவேளை சார், நீங்க பிரேக் போட்டீங்க" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த சீட்டில் உட்காரும்போதெல்லாம் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். இரவில் மிதித்து மிதித்துப் போர்வையை உதைக்கிறார்.

"அவ்வளவுதான்," என்றார் மாஸ்டர். "இதைத்தான் சொன்னேன்."

குழாய்க்காரியின் நாக்கு நுனிக்குச் 'சரி' வந்துவிட்டது. வாசலில் இருப்பவனுக்குப் பழக்கம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லையே, விடு என்று. அதுவும் கிட்டத்தட்ட சரி மாதிரியே பட்டது. மீட்டிங்கில் தூக்கி சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெரு," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "பந்து வந்துச்சு. பின்னாடி குழந்தை வந்துச்சு. அந்தம்மா தப்பா மிதிச்சாங்க. நீ மிதிக்கணும்னு உனக்குத் தெரிஞ்சுது. கால் போகல."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"காரு அதுவா நின்னுச்சு. நீ நிறுத்தல. அது உனக்கு மட்டும்தான் தெரியும். அந்தம்மாகிட்டயும் சொல்லல. என்கிட்ட சொன்ன." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ பயந்துட்ட."

"ஆமா," என்றார் மாஸ்டர். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது நாயைத் துவட்டிய துண்டு. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. பிறகு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அந்தப் பந்து நீலக் கலர்."

"நீலம்," என்றாள் குழாய்க்காரி.